ஒரே பல், இரண்டு ஸ்கேன்: ஒன்றில் எலும்பு அடர்த்தி 1340, இன்னொன்றில் 980. எதை நம்புவது?

சாமில்காரர்
திங்கள், இரவு 9.50

வணக்கம். செங்கோட்டையில் மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறேன். வயது 44. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. வெற்றிலை பாக்கு மட்டும் இருந்தது, அதையும் போன பொங்கலோடு விட்டாச்சு.

இடது பக்கம் கீழ்வரிசையில் கடைசிப் பல், ஞானப்பல் என்கிறார்களே, அது எனக்கு முழுதாக வெளியே வரவே இல்லை. ஒரு முனை மட்டும் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். இருபது வருஷமாக அது என்னையும் நான் அதையும் தொந்தரவு செய்யாமல் இருந்தோம். இந்த வருஷம் பங்குனியில் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை அந்த இடம் வீங்கிவிட்டது. வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லை, இட்லியைக் கரைத்துக் குடித்தேன். மாத்திரையில் அடங்கியது. ஊர் பல் டாக்டர் ஓபிஜி எடுக்கச் சொன்னார். முகத்தைச் சுற்றி மெஷின் ஒரு ரவுண்டு வருமே, அது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பல் முன்பக்கமாகச் சாய்ந்து எலும்புக்குள் மாட்டியிருக்கிறது, வேர் நரம்பின் மேல் உட்கார்ந்த மாதிரி தெரிகிறது, சர்ஜனைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சர்ஜன் சொன்னபடி ஒரு ஸ்கேன் சென்டரில் சிபிசிடி எடுத்தேன், தாடையை எல்லாப் பக்கமும் காட்டும் ஸ்கேன். 2,500 ரூபாய். ரிப்போர்ட் இரண்டு பக்கம். கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: புதைந்த பல்லைச் சுற்றிய எலும்பின் அடர்த்தி 1340 ஹெச்.யூ., டி1 வகை. என் மச்சான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார், அதனால் எங்கள் குடும்பத்தில் அவர் அரை டாக்டர். அவர் பார்த்துவிட்டு, "டி1 என்றால் கல்லு மாதிரி அத்தான், உடைத்துத்தான் எடுக்கணும், தாடை விட்டுப்போனாலும் போகும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் ஆறு வாரம் ஓட்டிவிட்டேன். அப்புறம் வேறு ஒரு பெரிய இடத்துக்குப் போனால், வெளியே எடுத்த ஸ்கேன் எங்களுக்கு ஆகாது, எங்கள் மெஷினிலேயே எடுங்கள் என்று மறுபடி எடுத்தார்கள். நான் கொண்டுபோன ஸ்கேன் தகட்டை உறையிலிருந்து உருவக்கூட இல்லை. அவர்கள் ரிப்போர்ட்டில் 980, டி2.

ஆறு வாரத்தில் என் எலும்பு கரைந்துவிட்டதா? மில்லில் மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டர் இருக்கிறது. ஒரே பலகையில் இரண்டு மீட்டர் வைத்து இவ்வளவு வித்தியாசம் காட்டினால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுவேன். இதில் எதைத் தூக்கிப் போடுவது?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. இடுப்பில் ஸ்கேன் எடுத்து மைனஸ் 2.8 என்று சொல்லி, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் ஆடுகிற பல் ஒன்று எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணும் என் எண்ணும் ஒரே ஜாதியா?

கல்லிடை அப்பளம்
திங்கள், இரவு 10.15

அண்ணே, எனக்கும் இதே பல்தான். வீங்கும்போது கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். ஸ்கேன் எல்லாம் பில் போடுகிற வேலை. சீசன் நேரம், சாரல் நல்லா விழுது, குற்றாலத்தில் போய் நின்றுவிட்டு வாங்க, எல்லாம் சரியாகிவிடும்.

படம் பார்ப்பவள்
செவ்வாய், காலை 6.20

அண்ணாச்சி, இரண்டு எண்ணையும் தூக்கிப் போடுங்கள். படங்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பல் டாக்டர்தான், ஆனால் பல் பிடுங்குவதில்லை. தாடைப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதே என் பிழைப்பு, பதினெட்டு வருஷமாக. உங்களைப் பயமுறுத்திய அந்த வரியைப் போல நானும் ஆரம்ப காலத்தில் எழுதித் தள்ளியிருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்.யூ. என்றால் ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தவர். 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சிடி ஸ்கேனில் எடுத்தது அவருடைய மெஷின்தான். 1979இல் ஆலன் கார்மக்கும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர் பெயரில் இருக்கும் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரிய சிடி மெஷினில் தண்ணீர் நிரப்பிய உருளையை வைத்து அடிக்கடி சோதிப்பார்கள். தண்ணீருக்கு 0 காட்டாவிட்டால் மெஷினைத் திருத்தும் வரை ஆளை ஏற்ற மாட்டார்கள். உங்கள் தராசுக்கு முத்திரை போடுகிற மாதிரி. அங்கே வருகிற எண்ணை நம்பலாம்.

பல் ஸ்கேன் சென்டரில் இருப்பது அந்த ஜாதி இல்லை. பெரிய சிடியில் கதிர் மெல்லிய விசிறியாக வரும். சிபிசிடியில் கூம்பாக, ஒரே வீச்சில் முகத்தில் விழும். 1990களின் கடைசியில்தான் பல் வைத்தியத்துக்குள் வந்தது. கதிர் குறைவு, செலவு குறைவு, நுணுக்கம் அதிகம். 0.1, 0.2 மி.மீ. அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகத் தாடையைப் பிரித்துக் காட்டும். வடிவம் பார்ப்பதற்கு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் கூம்பு அகலமாக விழுவதால் உள்ளே பட்டுச் சிதறும் கதிரும் ஜாஸ்தி. அந்தச் சிதறல் படத்தின் சாம்பல் நிறத்தைக் கலக்கிவிடும். பக்கத்துப் பல்லில் உலோக கேப் இருந்தால் இன்னும் மோசம். போதாக்குறைக்கு, நீங்கள் எடுத்தது ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் இருக்கும். அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிற கழுத்தெலும்பும் வலது தாடையும் படத்தில் வராது, ஆனால் வழியில் நின்று கதிரை விழுங்கும். இத்தனையும் சேர்ந்து ஒரே எலும்பு ஒரு மெஷினில் வெளுப்பாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் தெரியும். மென்பொருள் அந்தச் சாம்பல் நிறத்துக்கு ஒரு எண் கொடுத்து, பக்கத்தில் ஹெச்.யூ. என்று தைரியமாக எழுதிவிடும். மெஷின் பெயரைச் சொல்லும், தண்ணீரில் சோதித்தோமா என்று சொல்லாது.

எம்.டி.எஸ்., அதாவது பல் மருத்துவ மேற்படிப்பு, படிக்கும்போது இதை நானே செய்து பார்த்தேன். காலேஜில் பயிற்சிக்கு வைத்திருந்த காய்ந்த கீழ்த்தாடை எலும்பு ஒன்று, ஒரு பக்கம் உடைந்து கம்பி கட்டியது. அதை வெறுமனே மேடையில் வைத்து ஒரு ஸ்கேன். அப்புறம் ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் முக்கி வைத்து இன்னொரு ஸ்கேன். அதே மெஷின், அதே எலும்பு, நடுவில் பத்து நிமிஷம். படத்தில் ஒரே இடத்தில் அளவெடுக்கும் வட்டம் போட்டுப் பார்த்தால் எண் முந்நூறுக்கும் மேல் தள்ளி நிற்கிறது. என் ஹெச்.ஓ.டி. சிரித்துவிட்டு, "இப்போ எலும்புக்கு ஆஸ்டியோபொரோசிஸ் வந்துடுச்சுன்னு எழுதும்மா" என்றார். உங்கள் ஆறு வாரக் கதையைப் படித்ததும் அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

வட்டம் என்றேன். அதைப் போடுவது ஒரு மனிதர், மவுஸைப் பிடித்துக்கொண்டு. கீழ்த்தாடையின் வெளி ஓடு தேங்காய்ச் சிரட்டை மாதிரி கெட்டி, உள்ளே பஞ்செலும்பு. வட்டத்தை இரண்டு மி.மீ. நகர்த்தினால் சிரட்டையிலிருந்து பஞ்சுக்கு வந்துவிடலாம். அதுவும் உங்களுக்கு இரண்டு தடவை வீங்கியிருக்கிறது. இப்படி நாள்பட்ட சீழ் தொந்தரவு உள்ள இடத்தில் எலும்பு எரிச்சலுக்குப் பதில் சொல்கிற மாதிரி அங்கே மட்டும் இறுகிக்கொள்ளும், படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மரத்தில் கணு இருக்கிற இடத்தில் உளி வைத்துவிட்டு மொத்தக் கட்டையும் இப்படித்தான் என்று சொல்வீர்களா? முதல் சென்டர்க்காரர் கணுவில் வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

டி1, டி2 என்பதன் பூர்வீகமும் தெரிந்துகொள்ளுங்கள். அது இம்பிளாண்ட்காரர்கள் கணக்கு, செயற்கைப் பல்லுக்காகத் தாடையில் ஸ்க்ரூ பதிப்பவர்கள். கார்ல் மிஷ் என்ற அமெரிக்க டாக்டர் செய்த வகை. 1250க்கு மேல் டி1, 850 முதல் 1250 வரை டி2, 350 முதல் 850 வரை டி3, அதற்குக் கீழே டி4. துளை போடும்போது கைக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அவர் சொன்ன உவமை மரம்தான், உங்கள் தொழில்! டி1 ஓக், மேப்பிள். டி2 பைன். டி3 பால்சா. டி4 தெர்மோகோல். ஸ்க்ரூ இறுகப் பிடிக்குமா என்று பார்க்க இது உதவும். பல்லை வெளியே எடுக்கப் போகிறவருக்கு ஸ்க்ரூ பிடிப்பு எதற்கு? இம்பிளாண்டுக்காக வைத்திருக்கும் ரிப்போர்ட் படிவத்தில் எல்லோருக்கும் அந்த வரி தானாக விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் புதைந்த பல்லைச் சுற்றிய எலும்பைப் படத்தில் எப்படித்தான் பார்ப்பது? கண்ணால். வேரைச் சுற்றி நூல் மாதிரி கறுப்புக் கோடு ஓட வேண்டும், அது பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் சவ்வு. அந்தக் கோடு எங்கேயாவது அறுந்து, வேரும் எலும்பும் ஒன்றாகக் கலந்த மாதிரி இருந்தால்தான் நான் சர்ஜனுக்குப் போன் போடுவேன், பல் எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கலாம். பல்லின் தலையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கும். அது இரண்டு, மூன்று மி.மீ. இருந்தால் சகஜம், அதைத் தாண்டினால் நீர்க்கட்டியோ என்று சந்தேகப்படுவோம். அப்புறம் அதற்கு முன்னால் நிற்கும் பல், ஏழாம் நம்பர் பல். அதன் முதுகுப் பக்கத்து எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, சொத்தை விழுந்திருக்கிறதா? பாதிப் பேருக்கு நான் சொல்வது, ஞானப்பல்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது சாய்ந்து கெடுக்கிற பக்கத்து வீட்டைப் பாருங்கள் என்பதுதான். கடைசியாக நரம்புக் கால்வாய். ஓபிஜியில் அந்தக் கால்வாய்க்கு மேலும் கீழும் இரண்டு வெள்ளைக் கோடு ஓடும். வேர் மேலே வரும் இடத்தில் வெள்ளைக் கோடு அறுந்திருக்கிறதா, வேர் கறுத்துத் தெரிகிறதா, கால்வாய் வளைந்து ஒதுங்குகிறதா? 1990இல் ரூட், ஷேஹாப் என்ற இருவர் இந்த அடையாளங்களைத் தொகுத்தார்கள், இன்றைக்கும் நாங்கள் அதைத்தான் பார்க்கிறோம். உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டு பக்கத்திலும் இவை இருக்கும். அதை இங்கே போடுங்கள், கடைசி வரியை விடுங்கள்.

இரண்டாவது ஸ்கேனைப் பற்றி எனக்குக் கோபம்தான். நீங்கள் கொண்டுபோன தகட்டில் டைகாம் என்ற பொதுவான ஸ்கேன் கோப்பாக இருந்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்திருக்கலாம். இருந்தாலும் கதிரை நினைத்துப் பயப்படாதீர்கள். ஓபிஜி 20 மைக்ரோசீவர்ட்டை ஒட்டி. சின்ன வட்டத்து சிபிசிடி சில பத்துகளிலிருந்து நூற்றுச் சொச்சம். சும்மா இந்தப் பூமியில் இருப்பதற்கே உலக சராசரியாக வருஷத்துக்கு 2,400 மைக்ரோசீவர்ட் வாங்குகிறோம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரிய மணல் மேல் குடியிருப்பவர்கள் அதைவிட ஜாஸ்தி வாங்குகிறார்கள். ஆபத்து இல்லை, அநாவசியம்.

அம்மா விஷயம்தான் இந்தப் பதிவிலேயே முக்கியமானது. அவர்களுக்கு எடுத்தது டெக்ஸா ஸ்கேன், இடுப்பும் முதுகும். அந்த மைனஸ் 2.8 இளவயது எலும்போடு ஒப்பிட்டு வருகிற எண், மைனஸ் 2.5க்குக் கீழே போனால் எலும்புத் தேய்மானம். அதை நம்பலாம், உங்கள் 1340க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வாரம் ஒரு மாத்திரை என்றால் பெரும்பாலும் அலென்ட்ரோனேட் வகையாக இருக்கும். அந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரியும்படி ஆவது அபூர்வமாக நடக்கும். அபூர்வம்தான், ஆனாலும் பல் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்பளம் தம்பிக்கு: கிராம்புத் தைலம் வலியை மரக்கவைக்கும், உள்ளே மாட்டிய சோற்றுப் பருக்கையை வெளியே எடுக்காது. வாய் திறக்க முடியாமல் காய்ச்சலும் வந்தால், எச்சில் விழுங்க முடியாமல் போனால், சாரல் விழட்டும், நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாமில்காரர்
செவ்வாய், மதியம் 1.05

டாக்டரம்மா, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை படித்தேன். மச்சானுக்கும் அனுப்பிவிட்டேன். "நான் பொதுவாகச் சொன்னேன்" என்கிறார்.

ஓக், மேப்பிள் எல்லாம் என் மில்லுக்கு வந்ததில்லை. எங்கள் கணக்குக்கு டி1 கோங்கு, டி2 தேக்கு, டி3 ரப்பர், டி4 முருங்கை என்று வைத்துக்கொள்கிறேன். கணுவில் உளி வைத்த கதை நன்றாகவே புரிந்தது. வைரம் பாய்ந்த இடத்தையும் வெளுப்பையும் சேர்த்து ஒரு எண் சொல்லச் சொன்னால் என் கணக்குப்பிள்ளையே சிரிப்பார்.

ரிப்போர்ட்டில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். பல் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டு வேர், நுனியில் சேர்ந்து கொக்கி மாதிரி பின்னால் வளைந்திருக்கிறது. சவ்வுக் கோடு முழுக்கத் தெரிகிறது. தலையைச் சுற்றிய வளையம் 2 மி.மீ. ஏழாம் பல்லின் பின்பக்கம் எலும்பு 3 மி.மீ. இறங்கியிருக்கிறது, சொத்தை இல்லை. நரம்புக் கால்வாய் வேருக்கு நாக்குப் பக்கமாக ஓடுகிறது, தொடும் இடத்தில் கால்வாயின் மேல் ஓடு இல்லை. இரண்டு ரிப்போர்ட்டிலும் இதெல்லாம் அச்சாக ஒன்றுபோலத்தான் இருக்கிறது! எண் மட்டும்தான் வேறே. இதை நான் முதலிலேயே கவனித்திருக்கணும்.

எடுக்கணுமா, வேண்டாமா? எடுத்தால் உதடு மரத்துப்போகுமா?

தஞ்சை சர்ஜன்
செவ்வாய், இரவு 11.30

மேடம் படம் பார்ப்பவர், நான் கட்டர் பிடிப்பவன். என் பங்குக்குக் கொஞ்சம்.

நேரில் பார்க்காமல் எடு, எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். தொந்தரவே இல்லாத புதைந்த பல்லைச் சும்மா எடுக்காதே என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் கொடுக்கும் நைஸ் அமைப்பு 2000இலேயே சொல்லிவிட்டது, என் பழக்கமும் அதுதான். உங்களுக்கு இரண்டு தடவை வீங்கியாச்சு, ஏழாம் பல்லின் எலும்பும் இறங்க ஆரம்பித்துவிட்டது. இந்த நிலையில் பேச வேண்டியதுதான்.

எலும்பு கெட்டியா என்பதை நான் ரிப்போர்ட்டில் தேடுவதில்லை, வயதைப் பார்ப்பேன். இருபது வயதுப் பையனின் எலும்பு பச்சை மூங்கில், நெம்பினால் வளைந்துகொடுக்கும். நாற்பதைத் தாண்டினால் காய்ந்த மூங்கில், வளையாது. அதனால் பெரியவர்களுக்கு நெம்புவதைக் குறைத்து, பல்லின் கன்னப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, பல்லைத் துண்டு போட்டு எடுப்போம். கெட்டி எலும்பில் சுழலும் பர், அதாவது வெட்டும் முனை, சூடேறும். 47 டிகிரியில் ஒரு நிமிஷம் நின்றாலே எலும்பு செத்துப்போகும் என்று ஸ்வீடன்காரர்கள் 1980களில் முயல்களில் காட்டினார்கள். அதனால்தான் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்கிறோம், பழைய பரைத் தூக்கி எறிகிறோம். பிளேடு மழுங்கினால் பலகை கருகுகிற வாசனை உங்களுக்குத் தெரியாததா?

தாடை உடைவது: கேள்விப்படாத விஷயம் இல்லை, ஆனால் ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் ஆபரேஷன் மேஜையில் இல்லை, வீட்டில், இரண்டு மூன்று வாரம் கழித்து, வலி போய்விட்டது என்று முறுக்கைக் கடிக்கும்போது. நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்குத்தான் அதிகம், பல்வரிசை முழுதாக இருப்பதால் கடி பலமாக விழும். ஒரு மாசம் மெதுவான சாப்பாடு. மச்சானிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் எனக்கு உறுத்துவது நரம்புதான். கால்வாய் நாக்குப் பக்கமாக ஓடி, ஓடு இல்லாமல் வேரைத் தொடுகிறது, வேரும் கொக்கி. பொதுவாகக் கீழ் உதடு நிரந்தரமாக மரத்துப்போவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. இந்த மாதிரி அமைப்பில் அது கூடும். ஸ்கேன் எடுத்துவிட்டால் ஆபத்து குறைந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஓபிஜியோடு போனவர்களையும் சிபிசிடி எடுத்தவர்களையும் டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், நரம்புச் சேதத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஸ்கேன் வழி காட்டும், வண்டி ஓட்டாது. ஆனால் இந்த ஸ்கேனை வைத்து உங்கள் சர்ஜனிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: கரோனெக்டமி முடியுமா? பல்லின் தலையை மட்டும் எலும்பு மட்டத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. கீழே வெட்டி எடுத்துவிட்டு, வேரை நரம்போடு அப்படியே விட்டுவிடுவது. வேர் ஆடக்கூடாது, வேரில் சீழ் இருக்கக்கூடாது. அது இரண்டும் இல்லையென்றால் நான் உங்களுக்கு அதைத்தான் யோசிப்பேன். அடிமரத்தை விட்டுவிடுவது மாதிரி. துளிர்க்காது, கவலை வேண்டாம். ஆனால் மெல்ல மேலே நகரும், சில பேருக்குப் பின்னால் எடுக்க வேண்டி வரலாம்.

வீக்கம் இருக்கும்போது கத்தி வைக்காதீர்கள். அடங்கிய பிறகு போங்கள்.

இரண்டு பிள்ளை அம்மா
புதன், காலை 10.40

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் மகளுக்குப் பதினொன்றரை வயது. மேலே வலது கோரைப்பல் இன்னும் வரவில்லை, பால்பல் அப்படியே நிற்கிறது. பக்கத்து கிளினிக்கில் உடனே சிபிசிடி எடுத்து எலும்பு அடர்த்தி பார்க்கணும் என்கிறார்கள். குழந்தைக்கு அதெல்லாம் தேவையா?

படம் பார்ப்பவள்
புதன், மதியம் 2.15

அம்மா, முதலில் விரலால் பார்ப்போம். மூக்கின் ஓரத்துக்கு நேர்கீழே, மேல் ஈறின் வெளிப்பக்கம் தடவினால் பத்து வயதுக்கு மேல் கோரைப்பல்லின் மேடு தட்டுப்பட வேண்டும். இடது பக்கம் தட்டுப்பட்டு வலது பக்கம் இல்லையென்றால் படம் எடுக்கலாம். அதற்கும் முதலில் சின்ன ஃபிலிம்தான். ஒன்றை நேராக, இன்னொன்றை எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் நகர்த்தி. பஸ்ஸில் போகும்போது பக்கத்துப் பனைமரம் பின்னால் ஓடும், தூரத்து மலை நம்மோடு கூடவே வரும் இல்லையா? அதே கணக்கு. குழாயை நகர்த்திய திசையிலேயே கோரைப்பல்லும் நகர்ந்தால் அது உள்ளே, அண்ணப் பக்கம் இருக்கிறது. எதிர்த் திசையில் போனால் வெளியே, உதட்டுப் பக்கம். நூறு வருஷத்துக்கு மேலான வித்தை, செலவு சில நூறு ரூபாய்.

அண்ணப் பக்கம் இருந்தால் இந்த வயது நல்ல வயது. பத்திலிருந்து பதின்மூன்றுக்குள் பால் கோரையை எடுத்துவிட்டால், வழி கிடைத்துப் பல நிரந்தரப் பற்கள் தாமாகவே திசை திரும்பி வந்துவிடும். ஸ்வீடனில் எரிக்சனும் குரோலும் 1988இல் காட்டியதில் 78 சதவீதம். எல்லாக் குழந்தைக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் முயற்சி செய்யத் தகுந்தது. பல்வரிசை சீரமைக்கும் ஆர்த்தோ பல் டாக்டரைப் பாருங்கள். கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கிற மாதிரி சந்தேகம் வந்தால் அப்போது சிபிசிடி கேட்பார்கள், அது நியாயம். எலும்பு அடர்த்தி பார்க்கிறேன் என்றால் மட்டும், எதற்கு என்று கேளுங்கள்.

சாமில்காரர்
ஆவணி கடைசி வெள்ளி, இரவு 8.10

எல்லாருக்கும் ஒரு தகவல். போன வாரம் முடிந்துவிட்டது. முதல் சர்ஜனிடமே திரும்பிப் போனேன், மூன்றாவது ஸ்கேன் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தோடு. பழைய ஸ்கேன் தகட்டையே போட்டுப் பார்த்தார். கரோனெக்டமி என்று நான் வாயைத் திறந்ததும், "யார் சொன்னா?" என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன் என்றார். முக்கால் மணி நேரம். ஊசி போட்டதோடு வலி இல்லை, சத்தம்தான். எங்கள் மில்லின் சின்ன ரம்பம் மண்டைக்குள் ஓடுகிற மாதிரி. வாசனைக்காக மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன், கருகல் வரவே இல்லை, அந்தச் சிஸ்டர் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் எலும்பு எப்படி சார் இருந்தது என்று கேட்டேன். கோங்கு, தேக்கு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "வயசுக்கு ஏத்த மாதிரி இருந்தது" என்றார், அவ்வளவுதான். உதட்டில் ஒரு ராத்திரி மரத்துப்போன மாதிரி இருந்தது, விடிந்ததும் சரியாகிவிட்டது. காபி டம்ளரின் சூடு தெரிகிறது. வெட்டிய பல்லை மூன்று துண்டாகப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். நகை மாதிரி பத்திரமாக மில் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், மச்சான் வந்தால் காட்டுவதற்கு.

அம்மா நான்கு வருஷமாக அந்த மாத்திரை சாப்பிடுகிறார்களாம், எனக்கே இப்போதுதான் தெரியும். டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்து, எலும்பு டாக்டரிடம் பேசிவிட்டு நாள் குறிக்கிறேன் என்றிருக்கிறார். எனக்கு மாசியில் ஒரு ஓபிஜி, விட்டுவைத்த வேர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க. 400 ரூபாய். எண் எதுவும் போட மாட்டீர்களே என்று இப்போதே கேட்டு வைத்துவிட்டேன்.